ராத்திரியைத் தாண்டுமா? பேட்டரி, சோலார், ராக்கெட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் இன்வெர்ட்டர், யூபிஎஸ் சர்வீஸ் பண்றவன் நான். ராக்கெட் லாஞ்ச் லைவ் வந்தா வேலையை ஓரமா வெச்சிட்டு பார்க்குற ஆளும்கூட. அதனால கஸ்டமர், சொந்தக்காரங்க, டீக்கடை பெஞ்சுன்னு எல்லாரும் கேக்குறதைச் சேர்த்து ஒரே எடத்துல பதில் எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. கணக்கு சரியாத்தான் போட்டிருக்கேன், அபிப்பிராயம் மட்டும் என் சொந்தம்.

போனை ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டா பேட்டரி போயிடுமா?

ஒரே ராத்திரில போகாது. 100% ஆனதும் போனே கரண்ட் வாங்குறதை நிறுத்திக்கும். ஆனா லித்தியம் பேட்டரிக்கு ஆகாத விஷயம் ரெண்டு: ஒண்ணு சூடு, இன்னொண்ணு ஃபுல்லாவே கிடக்கறது. ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் கிழடு தட்டிடும். அதுக்குத்தான் இப்ப வர்ற போன்ல 80 சதவீதத்தோட நிறுத்துன்னு செட்டிங் இருக்கு, போட்டுக்கோங்க. தலையணைக்கு அடியில வெச்சு சார்ஜ் போடறதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

"முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்"னு இன்னும் சொல்றாங்க பாருங்க, அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் அயான் 1991லயே சோனி மூலமா கடைக்கு வந்தாச்சு, அதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2019ல நோபலும் கொடுத்தாச்சு (அதுல குட்எனஃப்புக்கு அப்ப 97 வயசு), நம்ம பெரியப்பாதான் இன்னும் போனை 0% ஆக்கிட்டு உக்காந்திருக்காரு.

போன் சார்ஜர் ஸ்விட்சை ஆஃப் பண்ணாம விட்டா பில் ஏறுமா?

எங்க அம்மா கேக்குற கேள்வி இது. 5000 எம்ஏஹெச் போன் பேட்டரின்னா சுமார் 19 வாட் ஹவர் (ஆயிரம் வாட் ஹவர் சேர்ந்தா ஒரு யூனிட்). சார்ஜர்ல சூடா போற நஷ்டத்தையும் சேர்த்து 25ன்னு வைங்க, தினமும் ஒரு தடவை போட்டா வருஷத்துக்கு 9 யூனிட். அதாவது ரெண்டு மாச பில்லுல ஒன்றரை யூனிட். ஒன்றரை டன் ஏசியில கம்ப்ரெசர் ஒரு மணி நேரம் ஓடுனா முடிஞ்சுபோற கணக்கு அது. போன் இல்லாம சும்மா தொங்குற சார்ஜர் அதைவிட ரொம்பக் கம்மி. அம்மாகிட்ட இதைச் சொன்னேன், "அந்த ஒரு யூனிட்டை மட்டும் ஏன்டா விடணும்"னாங்க. பதில் இல்ல.

20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கினேன், 5000 போனை நாலு தடவை ஏத்த மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா?

இல்ல. 20,000ங்கறது உள்ள இருக்குற செல்லோட 3.7 வோல்ட் கணக்கு. வெளிய 5 வோல்ட்டா மாத்தி அனுப்பும்போதே நம்பர் குறையும், அப்புறம் வழியில நஷ்டம். 5 வோல்ட்ல 12, 13 ஆயிரம் வந்தா நல்ல பவர் பேங்க்தான். எம்ஏஹெச்சைப் பார்க்காதீங்க, வாட் ஹவரைப் பாருங்க: 20,000 × 3.7, அதாவது 74 வாட் ஹவர். ஃப்ளைட்லயும் அதைத்தான் பார்ப்பாங்க, 100 வரைக்கும் கைப்பையில போலாம், செக்இன் பெட்டில வைக்கவே கூடாது. சரக்கு அறையில தீப்பிடிச்சா யார் போய் அணைக்கறது?

150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் சோறு சாப்பிடுறேன், கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஏஹெச்னா ஆம்பியர் ஹவர். 12 வோல்ட் × 150, மொத்தம் 1800 வாட் ஹவர், காகிதக் கணக்குல கிட்டத்தட்ட ரெண்டு யூனிட். ரெண்டு ஃபேன் (ஒண்ணு 75 வாட்), மூணு எல்இடி லைட்டு, வைஃபைன்னு போட்டா 187 வாட் வரும். 1800ஐ 187ஆல வகுத்தா ஒன்பதரை மணி நேரம். கடையில இதைத்தான் சொல்லி விப்பாங்க. ஆனா வீட்டுல அஞ்சு, ஆறு மணி நேரம்தான் நிக்கும். ஏன்னா அந்த 150ங்கறது 20 மணி நேரம் மெதுவா, ஏழரை ஆம்பியர்ல எடுத்தா கிடைக்கிற அளவு. கிணத்துல மெதுவா எறைச்சா ஊத்து ஊறிக்கிட்டே இருக்கும், மோட்டாரைப் போட்டு வேகமா உறிஞ்சினா அரை மணி நேரத்துல தரை தெரியும், அப்புறம் காத்திருக்கணும். லெட் ஆசிட் பேட்டரியும் அதே மாதிரிதான். போதாததுக்கு இன்வெர்ட்டர் தனக்குன்னு கொஞ்சம் தின்னும். தினமும் அடிமட்டம் வரைக்கும் காலி பண்ணுனா பேட்டரி ஆயுசும் போயிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்ல. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற எங்க வீட்டு பேட்டரி முதல் ராத்திரி பத்து மணிக்கே 'டீ... டீ... டீ...'ன்னு கத்திட்டு படுத்துடுச்சு. காரணம், சாயங்காலம் யாரோ சட்னிக்கு மிக்சி போட்டிருக்காங்க, அப்புறம் டிவில நியூஸ், அப்புறம் மேல் வீட்டுக்காரங்க போன் நாலும் நம்ம பிளக்ல. மெழுகுவத்தியைக் கொளுத்திட்டு பேட்டரி முன்னாடி உக்காந்து பார்த்தா, ஆறு மூடியில மூணுல மிதவை கீழ இறங்கி சிவப்பு காட்டுது. தண்ணி ஊத்தி எட்டு மாசம் ஆயிருக்கு. சர்வீஸ்காரன் வீட்டு பேட்டரி!

அதுக்கப்புறம் நான் செஞ்சது புது பேட்டரி வாங்குனது இல்ல, ரெண்டு ஃபேனையும் கரண்ட் கம்மியா இழுக்குற பிஎல்டிசி ஃபேனா மாத்துனது. ஒண்ணு 30 வாட்தான். 187 வாட் லோடு 97க்கு வந்துடுச்சு. அதே பேட்டரி, ரெண்டு மடங்குக்கு மேலயே வருது, ஏன்னா மெதுவா எடுக்குறோம். பேட்டரி பெருசா வேணும்னு வர்ற கஸ்டமர்கிட்ட முதல்ல இதைத்தான் சொல்றேன், அதனால முதலாளிக்கு என்மேல கொஞ்சம் கோவம் உண்டு.

பேட்டரிக்கு குடிக்கிற கேன் தண்ணி ஊத்தலாமா?

கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன் தண்ணில உப்பு இருக்கு, அது ப்ளேட்ல போய் படியும். ஆசிட் ஊத்தறதும் கூடாது, ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். டெர்மினல்ல வெள்ளையா நீலமா பூத்திருந்தா இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி வயரைக் கழட்டிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீர்ல தொடைச்சு, காய்ஞ்சதும் வாஸ்லின் தடவுங்க. சோடாத் தண்ணி மூடிக்குள்ள இறங்காம பாத்துக்கோங்க. அழுகின முட்டை நாத்தம் வந்தா மட்டும் நீங்க கை வைக்காதீங்க, ஓவர் சார்ஜ் ஆகுது, சுவிட்சை ஆஃப் பண்ணி ஜன்னலைத் திறந்துட்டு ஆளைக் கூப்பிடுங்க.

லித்தியம் இன்வெர்ட்டர் வந்திருக்கே, மாத்தலாமா? வெடிச்சிடாதா?

காசு இருந்தா மாத்துங்க. தண்ணி ஊத்துற வேலை இல்ல, எடை கம்மி, சீக்கிரம் சார்ஜ் ஏறும், லெட் ஆசிட் மாதிரி பாதியில நிறுத்தணும்னு இல்ல. ஆனா வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எல்எஃப்பியா?" லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட், ஒரு கிலோவுக்கு அடக்கிற கரண்ட் கொஞ்சம் கம்மி, ஆனா ஆயிரக்கணக்குல தடவை சார்ஜ் தாங்கும், சூட்டையும் நல்லாத் தாங்கும். 2022 வெயில்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டருங்க அங்கங்க தீப்பிடிச்சதே, அதுக்கப்புறம் மத்திய அரசு பேட்டரி டெஸ்ட் விதியையே இறுக்குச்சு. ஒரு செல் சூடாகி, அது பக்கத்து செல்லைச் சூடாக்கி, வரிசையா பத்திக்கிறதுதான் பிரச்சனை. எல்எஃப்பி அப்படி சுலபமா பத்திக்காது. வீட்டுக்குள்ள, படுக்குற எடத்துக்குப் பக்கத்துல வைக்கிற சாமான், எடையில ரெண்டு கிலோ கூடுனா என்ன கெட்டுப்போச்சு?

மாடில சோலார் போட்டிருக்கோம், வெயில் கொளுத்துது, ஆனா கரண்ட் போனா வீட்டுல இருட்டு. என்னங்க அநியாயம் இது?

அநியாயம் இல்ல, உயிர் காக்குற ஏற்பாடு. நீங்க போட்டது ஆன்கிரிட், அதாவது தெரு லைனோட சேர்ந்து மட்டும் ஓடுறது. லைன்ல கரண்ட் இல்லன்னா உங்க இன்வெர்ட்டர் தானா நிக்கணும், இல்லாட்டி உங்க மாடிலேந்து போற கரண்ட், கம்பத்துல ஏறி வேலை பார்க்குற லைன்மேனை அடிச்சிடும். கரண்ட் போனாலும் ஓடணும்னா பேட்டரி சேர்ந்த ஹைபிரிட் வேணும், செலவு கூட. மானியம் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) பத்தி விளக்கமா பேசுறவங்க இதைச் சொல்லாமலேயே வித்துட்டுப் போயிடறாங்க, அதான் எனக்கு எரிச்சல்.

ஊருக்கே ஒரு பெரிய பேட்டரி வெச்சா என்ன?

வெச்சிருக்காங்களே, கோயம்புத்தூர் மாவட்டத்துல, காடம்பாறைல! 1980கள் கடைசிலயே ஓட ஆரம்பிச்சது. கரண்ட் மிச்சமா இருக்கும்போது கீழ மேல் ஆழியாறு அணையிலேந்து தண்ணியை மேல காடம்பாறை அணைக்கு ஏத்துவாங்க, எல்லாரும் லைட்டு டிவி போடுற சாயங்காலம் அதே தண்ணியை இறக்கி கரண்ட் எடுப்பாங்க. 100 மெகாவாட் மெஷின் நாலு. நாலும் ஒரு மணி நேரம் ஓடுனா 4 லட்சம் யூனிட். மேல சொன்ன 150 ஏஹெச் பேட்டரில அதை வெக்கணும்னா ரெண்டு லட்சத்துக்கு மேல பேட்டரி அடுக்கணும், அவ்வளவுக்கும் டிஸ்டில்டு வாட்டர் யாரு ஊத்துறது? நீலகிரில குந்தாவுலயும் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி கட்டுறாங்க.

ஆடி மாசக் காத்துல ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடிங்க ராத்திரியும் சுத்தும், ஆனா அப்ப வாங்குறதுக்கு ஆள் கம்மி. மத்தியானம் சோலார் கொட்டும், ஏழு மணிக்கு எல்லாரும் கேக்கும்போது சோலார் பூஜ்யம். கரண்ட் தயாரிக்கிறது இப்ப பெரிய விஷயமே இல்லங்க, அதை ஏழு மணி வரைக்கும் வெச்சிருக்கறதுதான் விஷயம். லித்தியத்துலயும் பண்ணலாம், 2017ல தெற்கு ஆஸ்திரேலியாவுல ஹார்ன்ஸ்டேல்ல 100 மெகாவாட் வெச்சாங்க, நூறு நாள்ல முடிக்கலன்னா காசே வேணாம்னு எலான் மஸ்க் பந்தயம் கட்டி முடிச்சும் காட்டினாரு. ஆனா நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல வேணும்னா மலையும் தண்ணியும்தான் இன்னும் எனக்குப் பிடிச்ச பேட்டரி.

அப்ப எங்க மாடி டேங்க்ல டர்பைன் வெச்சு கரண்ட் எடுக்கலாமா?

சிரிக்க வேணாம், மாசத்துக்கு ஒருத்தர் கேக்குறாரு. 1000 லிட்டர் டேங்க், 10 மீட்டர் உயரம். மொத்தமா இறக்கினா, ஒரு சொட்டு நஷ்டம் இல்லாம, 27 வாட் ஹவர். ஒரு போனை ஒரு தடவை சார்ஜ் பண்ணலாம். அதை ஏத்த எங்க வீட்டு 1 ஹெச்பி மோட்டார் 20 நிமிஷம் ஓடி கால் யூனிட் தின்னுது. மலை உயரமும் அணை அளவுத் தண்ணியும் ஏன் தேவைப்படுதுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். 100 மீட்டர் உயரம் இருந்தாக்கூட ஒரு யூனிட்டுக்கு 3,600 லிட்டருக்கு மேல இறக்கணும்.

ஸ்கூட்டர் பேட்டரில ஓடுது, ராக்கெட் ஏன் ஓடக்கூடாது?

முதல் விஷயம் எடை. 3 யூனிட் பேட்டரி சுமார் 20 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல்லயே 9 யூனிட் அளவுக்கு சக்தி இருக்கு, இஞ்சின்ல முக்கால்வாசி சூடா போனாலும் மிச்சமே ரெண்டு யூனிட்டுக்கு மேல. ரெண்டாவது, ராக்கெட்டுக்கு சக்தி மட்டும் இருந்தா பத்தாது, பின்னாடி வேகமா எதையாவது வீசியடிச்சாத்தான் முன்னாடி போகும். சக்கரம் உருட்ட மேல ரோடு இல்லையே.

ஆனா பேட்டரிக்கும் அதுல ஒரு வேலை கொடுத்தாங்க. ராக்கெட் லேப் கம்பெனியோட எலக்ட்ரான் ராக்கெட்ல எரிபொருளை இஞ்சினுக்குத் தள்ளுற பம்ப் பேட்டரி மோட்டார்ல ஓடுது, வேற ராக்கெட்ல பெரும்பாலும் அதுக்கு தனியா ஒரு குட்டி டர்பைன் சுத்தும். எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, ரெண்டாவது ஸ்டேஜ் எரிஞ்சிட்டு இருக்கும்போதே தீர்ந்துபோன பேட்டரியைக் கழட்டி கீழ விட்டுட்டு மிச்ச பேட்டரியில ஓடும். லைவ்ல நானே பார்த்திருக்கேன், பொட்டுன்னு பிரிஞ்சு போகும். பெட்ரோல் டேங்க் காலியானா எடை குறையும், பேட்டரி காலியானாலும் அதே எடைதான், அப்ப தூக்கிப் போட்டுத்தானே ஆகணும்.

சந்திரயான்-3ல போன விக்ரம் லேண்டர் ஏன் மறுபடி எந்திரிக்கல?

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணி 4 நிமிஷம், அன்னிக்கு சர்வீஸ் கால் ஒண்ணைக்கூட எடுக்கல. இறங்குன நாளை சும்மா பொறுக்கல, அந்த எடத்துல சூரியன் எழும்புற நேரமாப் பார்த்து இறக்குனாங்க. நிலாவுல ஒரு பகல் நம்ம கணக்குக்கு 14 நாள், அதுக்குத்தான் விக்ரமும், அதுலேந்து இறங்கி ஓடுன பிரக்யான் ரோவரும் வடிவமைச்சது. செப்டம்பர் 3ல விக்ரமை 40 செ.மீ. எம்பிக் குதிக்க வெச்சாங்க, மறுநாள் தூங்க வெச்சாங்க. அடுத்த விடியல்ல எந்திரிச்சா லாபம்னுதான் பார்த்தாங்க, எந்திரிக்கல.

பதினாலு நாள் ராத்திரிங்க. மைனஸ் நூறு டிகிரிக்கும் ரொம்ப கீழ போகும். லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்குற திரவம் உறைஞ்சுபோகும், சால்டரிங் பண்ண எடமெல்லாம் சுருங்கி விரிசல் விடும். பேட்டரியை சூடாவே வெச்சிருக்கணும்னா ஹீட்டர் ஓடணும், ஹீட்டர் ஓட பேட்டரி வேணும், அதைப் பதினாலு நாள் ஓட்டுற அளவுக்கு எடுத்துட்டுப் போனா எடை ஏறிப்போகும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர், சந்திரயான்-2க்கு சோதனைக்களம் போட்ட 'நிலா மண்' நாமக்கல் மாவட்டத்து சித்தம்பூண்டி, குன்னமலை பாறையை அரைச்சு செஞ்சது. தமிழ்நாட்டு ஆளு இருக்காங்க, மண்ணு இருக்கு, ராத்திரியைத் தாண்டுற பேட்டரிதான் பாக்கி.

அந்த விக்ரம் மேல நாசா கொடுத்த சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒண்ணு இருக்கு, உள்ளங்கைல அடங்கும். 2023 டிசம்பர்ல நாசாவோட நிலா ஆர்பிட்டர் மேலேந்து லேசர் அடிச்சப்ப அது ஒளியைத் திருப்பி அனுப்புச்சு. அதுக்கு பேட்டரியே வேணாம், வெறும் பிரதிபலிப்பு. மத்ததெல்லாம் தூங்கிடுச்சு, அது மட்டும் முழிச்சிருக்கு.

மங்கள்யானும் பேட்டரியாலதான் போச்சா?

2022 ஏப்ரல்ல ஒரு நீண்ட கிரகணத்துல (வெயிலே படாம பேட்டரியை மட்டும் நம்புற நேரம்) மாட்டுன பிறகுதான் அதோட தொடர்பு அறுந்துச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல இஸ்ரோ இனிமே மீட்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா ஆறு மாசத்துக்குன்னு அனுப்புனது எட்டு வருஷம் கிட்ட ஓடுச்சு, அதைக் குறை சொன்னா நாக்கு அழுகும்.

நாசாவோட வாயேஜர் விண்கலம் மட்டும் எப்படி இன்னும் ஓடுது?

அதுல சோலாரும் இல்ல, நம்ம நினைக்கிற பேட்டரியும் இல்ல. புளூட்டோனியம்-238 தானா சிதையும்போது வர்ற சூட்டைக் கரண்டா மாத்துது. 1977ல கிளம்பும்போது 470 வாட் கிட்ட, வருஷத்துக்கு சுமார் 4 வாட் குறைஞ்சுக்கிட்டே வருது. அதனால ஒவ்வொரு கருவியா ஆஃப் பண்ணிட்டு வர்றாங்க, கரண்ட் இல்லாத ராத்திரியில எங்க அப்பா ஒவ்வொரு ரூமா லைட்டை அணைச்சிட்டு வர்ற மாதிரி.

ஸ்பேஸ் ஸ்டேஷன் பேட்டரி ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துச்சுன்னு சொல்றாங்களே, கதையா?

நிஜம். ஸ்பேஸ் ஸ்டேஷன் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்துது, ஒவ்வொரு சுத்துலயும் அரை மணி நேரத்துக்கு மேல இருட்டு. அதாவது ஒரு நாளைக்கு 16 ராத்திரி, 16 தடவை பேட்டரி இறங்கி ஏறணும். பழைய நிக்கல் ஹைட்ரஜன் பேட்டரிங்க 48ஐ எடுத்துட்டு லித்தியம் 24 வெச்சாங்க. கழட்டுன பேட்டரியை அடுக்குன ஒரு பெரிய தட்டை, கிட்டத்தட்ட 2.6 டன், 2021 மார்ச்சுல ரோபோ கையால வெளியில விட்டுட்டாங்க, தானா இறங்கி எரிஞ்சுடும்னு. மூணு வருஷம் சுத்திட்டு 2024 மார்ச் 8 அன்னிக்கு இறங்குச்சு. எல்லாம் எரிஞ்சுது, முக்கால் கிலோ உலோகத் துண்டு ஒண்ணு மட்டும் எரியாம புளோரிடாவுல நேப்பிள்ஸ் ஊர்ல ஒரு வீட்டுக் கூரையையும் தளத்தையும் துளைச்சிட்டு வந்துச்சு. எங்களுதுதான்னு நாசாவே ஒத்துக்கிட்டாங்க.

பழைய பேட்டரியை என்ன பண்றது?

நாசா மாதிரி மேலேந்து விடாதீங்க. லெட் ஆசிட்டுன்னா புதுசு வாங்குற கடையிலயே எக்ஸ்சேஞ்ச்ல கொடுங்க, ஈயம் இருக்குறதால எடைக்கு நல்ல காசு கழிப்பாங்க. வாசல்ல வர்ற ஆளுக்குக் கொடுத்தா ஆசிட்டை சாக்கடையில ஊத்திட்டுத்தான் தூக்கிட்டுப் போவாரு. உப்பிப்போன போன் பேட்டரியை அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போட்டும் பார்க்காதீங்க. ஒரு மண் சட்டில காய்ஞ்ச மணல் போட்டு அதுல வெச்சு, பால்கனி ஓரமா, பசங்களுக்கு எட்டாம வைங்க, அப்புறம் மின்கழிவு வாங்குற எடத்துல கொடுத்துடுங்க. எங்க கடையில அப்படி ஒரு சட்டி எப்பவும் இருக்கும், இப்ப அதுல ஏழு கிடக்கு.